கரடி கொடுத்த நட்சத்திரங்கள்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடி வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண் வாலுவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த வெளிநாட்டில் வேலை வேலை என்று அலையாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் வாலு என் மடியை விட்டு இறங்குவதில்லை, அவள் காதில் விழக்கூடாத சேதி இது.

நீ போட்டுக் கொடுத்த இங்கிலீஷ் ஆப்பில் முதல் பத்து நாள் ஆசையாகத்தான் படித்தாள். தொப்பி போட்ட கரடி ஒரு வார்த்தை சொல்லும், இவள் அதற்கான படத்தைத் தொடுவாள், கரடி குதித்து நட்சத்திரம் கொடுக்கும், அது அங்கே உன் போனிலும் வந்து நிற்கும். பதினோராம் நாள் இவளையும் பேசச் சொன்னது. சொன்னாள், தப்பு என்று டொங்கென்று அடித்தது. ஏழு தரம் சொன்னாள், ஏழு தரமும் டொங். போனைச் செருப்பு அலமாரிக்குள் வைத்துவிட்டு, அந்தக் கரடி என்னைத் திட்டுது தாத்தா, இனிமே பேசவே மாட்டேன் என்றாள். அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டு, ஏம்பா இன்னிக்கு நட்சத்திரம் வரலை, பிள்ளைக்கு ஜுரமா என்று கேட்டாய். உன் குரல் உடைந்திருந்தது. மனசு கேட்கவில்லை அம்மாடி, மறுநாளிலிருந்து நானே அழுத்த ஆரம்பித்தேன். பஸ் டெப்போவில் நூற்று நாற்பது வண்டிச் சாவியை ஒரு நம்பரும் படிக்கத் தெரியாமல் முப்பது வருஷம் எடுத்துக் கொடுத்த கை இது. எந்தச் சத்தத்துக்கு எந்தப் படம் என்று ஒரு தரம் பார்த்தால் போதும், மறக்காது. பேசச் சொன்னால் கரடி சொன்னதை அதே இழுப்போடு திருப்பிச் சொல்வேன். என் கட்டைக் குரல் அதற்குப் பிடித்திருக்கிறது, பிள்ளை குரல் பிடிக்கவில்லை, என்ன நியாயமோ. இதை எழுதும்போதே தையல்காரம்மா சிரிக்கிறாள், ஐயாவையே ஸ்கூல்ல சேர்த்துடலாம் என்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நட்சத்திரங்களை நம்பி நீ அங்கே பள்ளியில் பேசி முடித்துவிட்டாய். அடுத்த மாதக் கடைசியில் பெரிய டீச்சர் போனில் அவளிடம் இங்கிலீஷில் பேசிப் பார்ப்பார்களாம், பதில் சொல்லாவிட்டால் இடம் கிடையாதாம். அப்படியானால் இன்னும் ஒரு வருஷம் பிள்ளை உன்னை விட்டு இருக்க வேண்டும். நேற்று அவளை உட்காரவைத்துக் கெஞ்சினேன், வாயைத் திறக்கவில்லை. கடைசியில், உனக்குத்தான் எல்லாம் தெரியுதே தாத்தா, நீயே அம்மாகிட்ட போ, நான் கதவைச் சாத்திக்கறேன் என்றாள்.

திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவளை ஒன்றும் கேட்காதே. பள்ளியில் என்ன சொல்லிச் சமாளிப்பாயோ, எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. இரண்டு பேரும் நீண்ட ஆயுசோடு இருங்கள். ஒன்றை மட்டும் மனதில் வை, கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். அதுவரை நீ பதறக்கூடாது என்று சாயங்காலம் சாயங்காலம் அழுத்திக்கொண்டுதான் இருப்பேன். அந்த நட்சத்திரங்களைப் பார்த்து, அப்பா நடமாடிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)