அண்ணே என்பது பெயரல்ல

அக்கா,

நேற்று வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு, நம் மாடியிலேயே சரோஜா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், சரோஜா, அவள் மகள் யமுனா, கதவோரத்து நாற்காலியில் ஒரு மனிதர். நான்கே பேர். நீங்கள் உயிரோடு இருந்து அங்கே வந்திருந்தால், அந்த மனிதர் காப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்து போயிருப்பார்.

அம்மனுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலைக் கொடுக்கத்தான் போனேன். "இவருதாங்கக்கா நம்ம அண்ணே. யமுனாவுக்கு தாய்லாந்துல வேலை பாத்துக் குடுத்திருக்காரு" என்றாள் சரோஜா. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளரோடு பேசுகிற வேலையாம். டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்துவிட்டால் போதுமாம்.

கிண்ணத்தை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகன் மணியைக் கம்போடியாவுக்கு அனுப்பியவனும் இதைத்தானே சொன்னான்? போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, பூட்டிய கட்டடத்துக்குள் உட்கார வைத்து, முன்பின் தெரியாதவர்களைப் போனில் ஏமாற்றச் சொல்லி அடித்தார்கள். நீங்களும் நானும் புகார் கொடுக்கப் போனபோது, அனுப்பியவன் பெயர் என்ன என்று போலீஸ்காரர் கேட்டார். "அண்ணே" என்றீர்கள். அவர் மலாய் மொழியில் திரும்பக் கேட்டார். அப்போதும் "அண்ணே"தான். நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன். பெயரைக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நாம் யாருமே கேட்டிருக்கவில்லை.

மணி எப்படியோ தப்பி வந்தான். அதன் பிறகு யார் வந்தாலும் நீங்கள் விட்டதில்லை. "அண்ணே சரி, ஒங்கப்பா வச்ச பேரு என்ன?" கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட அடையாள அட்டையை நீட்டிக்கொண்டேதான் படியேறுவார்.

நேற்று நானும் கேட்டேன். "அண்ணேன்னே கூப்பிடுங்கக்கா, போதும்" என்று சிரித்தார்.

"என்னக்கா, இமிகிரேஷன் கவுண்டர்ல உக்காந்த மாதிரி கேக்குறீங்க?" என்றாள் சரோஜா.

அவர் போன பிறகு யமுனாவிடம், கம்பெனி உண்மைதானா என்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"விசாரிக்கிறதுக்குள்ள வேற ஆள் போயிருவாங்க ஆண்டி. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில கான்ட்ராக்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போன்னு சொல்லிடுறாங்க. நீங்க வேலை வாங்கிக் குடுப்பீங்களா? சொல்லுங்கலா."

பேராசை பிடித்த பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்கிறார்கள். யமுனா கேட்பது அடுத்த மாதமும் இருக்கிற ஒரு வேலை. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்திருந்தால் இந்த அண்ணேமாருக்கு நம் மாடியில் என்ன வேலை? என்னால் வேலை தர முடியாது. மணிக்கு நடந்ததைச் சொல்ல முடியும்.

அதைத்தான் நீங்கள் பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். கம்போடியாவிலிருந்து மீட்டு வந்த பிள்ளைகளைச் செய்தியில் காட்டியபோது, "இவனுங்களும் திருடனுங்கதானே" என்று அக்கம்பக்கத்தார் படிக்கட்டில் பேசினார்கள். அதைக் கேட்டுவிட்டு, அம்மன் சந்நிதியில் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். "மணி கோலாலம்பூர்ல வேலை பாத்தான். அவ்ளோதான், தெரியுதா?"

தெரிகிறது அக்கா. இதுவரை மூச்சு விடவில்லை. ஆனால் திரும்பி வந்த பிள்ளையைத் திருடன் என்று பேசாமல், அவனைத் தலை நிமிர்ந்து பேச விட்டிருந்தால், சரோஜா நேற்று அந்த ஆளுக்குக் காப்பி போட்டிருப்பாளா?

இன்று பூஜையில் உட்கார்ந்தேன். போற்றி சொல்லும்போது பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். சத்தியத்தை மீறினால் அம்மனுக்கு என்ன பதில் சொல்வது? வாயை மூடிக்கொண்டிருந்து யமுனா போய்விட்டால் அதே அம்மன் முன்னால் எப்படி நிற்பது?

நாளைக் காலை மணியிடம் போகப் போகிறேன். அவனே வந்து அவளிடம் சொல்வானா என்று கேட்பேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், நான் சொல்லலாமா? கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சொல் என்றோ வேண்டாம் என்றோ, திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும், அக்கா.