பீலித் தண்ணீரும் பழுப்புக் கொழுப்பும்

அக்கரப்பத்தனை,
மார்கழி, திங்கள் காலை

தம்பி திலக்ஷனுக்கு அண்ணன் சிவபாலன் எழுதுவது.

சுகம் விசாரிக்க இது நேரமில்லை. அம்மாவின் சாவு வீட்டை நோர்வேயில் இருந்து கைபேசியில் பார்த்துவிட்டு, அதன் பிறகு என் எண்ணையும் தடுத்து வைத்தாய். அதனால்தான் உன் பல்கலைக்கழகப் பக்கத்தில் கிடந்த மின்னஞ்சல் முகவரியைத் தேடிப்பிடித்து எழுதுகிறேன். சண்டையைப் பிறகு போடலாம். உன் அண்ணி சர்மிளா சீனி வருத்தத்துக்கான இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை மட்டும் கூப்பிட்டுப் பேசுவாயே, அப்படி ஒரு நாள் உன் ஆராய்ச்சியைச் சொன்னாயாம். குளிர் பட்டால் நரம்புகள் தூண்டிவிட, வெள்ளைக் கொழுப்புக்குள்ளேயே சில கலங்கள் சக்தி உண்டாக்கும் இழைமணிகளைப் பெருக்கிப் பழுப்பாக மாறும். கொழுப்பையும் சீனியையும் எரித்து உடம்புக்குச் சூடு தரும் என்று. அதில் பிழையில்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கும் அது விளங்கும். மனித உடம்பில் அது எவ்வளவு சின்ன அடுப்பு என்பதும் விளங்கும். அதை நீ சொல்லவில்லை. “நீங்க குடுத்து வச்சவங்க அண்ணி, நாங்க ஐஸ் பெட்டிய கட்டிக்கிட்டுச் செய்யிறத ஒங்க பீலித் தண்ணி சும்மா செஞ்சிரும், ஊசியே தேவப்படாது” என்று சிரித்தாயாம். உனக்கு அது பகிடி. அவளுக்கு வேதவாக்கு.

மார்கழி பிறந்ததில் இருந்து, புல்லெல்லாம் பனி உறைந்து வெளுத்துக் கிடக்கிற விடியலில், லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியில் போய் நிற்கிறாள். ஈரச் சேலையோடு நடுங்கி நடுங்கி வருகிறாள். பார்த்த சனம் அதை மாரியம்மனுக்கு வைத்த நேர்த்தி என்று முடிவுகட்டிவிட்டது. பக்கத்து வீட்டு வேலாயி மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். பஜனைக்காரர்கள் தினமும் முதல் பொங்கலை இவள் கையில்தான் கொடுக்கிறார்கள். வெல்லம் ஒழுகுகிற பொங்கல். நான் தடுத்தால், “பிரசாதத்த வேணாம்னு சொல்லச் சொல்றீங்களா? குளிச்சதுல எல்லாம் எரிஞ்சிருக்கும்” என்கிறாள்.

ஊசி நின்றது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. திறக்காத மருந்துக் குப்பிகளை டவுனில் ராசிக் நானா தன் கடைப் பெட்டியில், ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்துத் தருவார். சனிக்கிழமை அவர்தான் கேட்டார்: “மாஸ்டர், சர்மிளாம்மாட மருந்து அப்பிடியே இரிக்கிது. டொக்டர் மாத்திட்டாரா?”

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். அவள் சேலைக் கொசுவத்தைத் தளர்த்திக் காட்டினாள். “பாருங்க, எவ்வளவு எளச்சிட்டேன். கொழுந்தன் சொன்னது பலிக்கிதில்ல? ஒங்களுக்குத் தம்பி பேரெடுத்தது பொறுக்கல.” இளைத்தது உன் பழுப்புக் கொழுப்பால் அல்ல, திலக்ஷன். இன்சுலின் இல்லாமல் உடம்பு தன்னைத்தானே தின்கிறது. அதை அவளிடம் சொன்னேன். பொறாமைக்காரன் பேச்சை யார் கேட்பார்கள்?

நேற்றில் இருந்து குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள். வாந்தி. மூச்சில் பழுத்த பழ வாசனை. இரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, அது எதில் முடியும் என்று உனக்கு நான் படிப்பிக்க வேண்டியதில்லை. கால் விரலில் கல் கிழித்த புண். விறைத்த காலில் வலி தெரியவில்லை என்று அதையும் பெருமையாகச் சொல்கிறாள்.

ராசிக் நானா விடியவே வேனைக் கொண்டுவந்து பாதையில் நிறுத்தியிருக்கிறார். அவள் ஏற மாட்டேன் என்கிறாள். தூக்கப் போனால் வேலாயி வாசலை மறிக்கிறாள். “கயிறு கட்டுன ஒடம்பு மாஸ்டர், தொடாதீங்க. தைப்பொங்கலோட வெரதம் முடிஞ்சிரும். நடுவுல வெட்டுனா ஆத்தா சும்மா விடுவாளா?” அவளும் அழுதுகொண்டுதான் சொல்கிறாள்.

தம்பி, நீ பால்பல் விழாத பிள்ளையாக இருந்தபோது இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். உனக்குக் காய்ச்சல் என்றால் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவள். என்னிடம் உனக்கு என்ன கோபம் இருந்தாலும் இருக்கட்டும். நான் ஒன்றையும் மறக்கவில்லை, நீயும் மறக்க வேண்டாம்.

இதைப் பார்த்த உடனே அவளைக் கூப்பிடு. நான் எழுதியதாகச் சொல்லாதே. சொன்னால் கேட்க மாட்டாள். உன் விஞ்ஞானம் பொய் என்றும் சொல்ல வேண்டாம், அவள் தாங்க மாட்டாள். குளிர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது, மிச்சத்தை ஆஸ்பத்திரியில்தான் செய்ய வேண்டும், வேனில் ஏறுங்கள் அண்ணி என்று சொல். உன் குரலில் சொன்னால் ஏறுவாள். பெயரெல்லாம் உனக்கே இருக்கட்டும்.

நேற்று ஞாயிறும் நீ கூப்பிடவில்லை, அவள் கைபேசியில் இருந்து நான் கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. அந்தக் கைபேசியை அவள் தலைமாட்டில், சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். நான் வெளியே போய் நிற்கிறேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். கூப்பிடு, ராசா.

உன் அண்ணன்,
சிவபாலன்