கடைசி உடுப்பைத் திருப்பி அனுப்பு

அன்பு மகள் ஷூயினுக்கு அம்மாவின் ஆசிகள். நீயும் உன் வேலையும் உன்னிடம் படம் வரையப் படிக்கும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் சொல்ல முடியவில்லை. போனில் பேசினால் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மெய்ரான் எழுதுகிறாள்.

அடுத்த வீட்டு பெய் மாமா போய்விட்டார். இலந்தை உலுக்கப் போனவர் மரத்தடியில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். தோவ் அத்தை தன் புருஷனுக்காகத் தன் கையால் தைத்து வைத்திருந்த கடைசி உடுப்பு பெய்ஜிங்கில் உன் கண்காட்சியில் தொங்குகிறது. மூச்சு இருக்கும்போதே உடுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் துணி அவரோடு போகாது என்று உனக்குத் தெரியாதா. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன மகன்கள் அங்கே வாசல் கடைக்கு ஓடி, நாடாவுக்குப் பதில் பொத்தான் வைத்த நைலான் உடுப்பு ஒன்றை வாங்கி வருவதற்குள் உடம்பு விறைத்துவிட்டது, கை நுழையவில்லை, முதுகுப் பக்கம் கத்தரித்துத்தான் போட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வருஷம் ஆறாம் மாதம் ஆறாம் நாள் நீ வந்திருந்தபோது தெரு முழுக்க அவரவர் கடைசி உடுப்பை வெயிலில் காயப்போட்டு, யார் தையல் அழகு என்று சிரித்துக்கொண்டிருந்தோம். நீ நடுத்தெருவில் நின்று, "அம்மா, இதைவிட நல்ல கண்காட்சி நான் பார்த்ததே இல்ல" என்றாய். அப்போது தோவ் அத்தை உன்னை விட்டாளா, "ஆணி அடிச்சு மாட்டறதுக்கா உன் பொண்ணு காலேஜ் வேலையை விட்டா?" என்று என்னைக் கேட்டாள். "அவ மாட்டினாத்தான் நாலு பேர் நின்னு பாக்கறாங்க" என்று நானும் விடவில்லை. பெய் மாமாதான், "எடுத்துட்டுப் போம்மா, எனக்கு முன்னாடி என் துணி தலைநகரைப் பாக்கட்டும்" என்று மடித்துக் கொடுத்தார். பிறகு அத்தையும் தன்னுடையதைத் தந்தாள், நானும் தந்தேன். ஒன்று சொல்கிறேன், அவர்கள் உன் முகத்துக்காகத் தரவில்லை, என் முகத்துக்காகத் தந்தார்கள்.

நீ அனுப்பிய படங்களை அத்தையிடம் காட்டியிருக்கக் கூடாது. நூலில் கட்டி, ஆள் நிற்பது போலவே நிறுத்தியிருக்கிறாய், உள்ளே ஆள் மட்டும் இல்லை. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாரேன், அவருக்காகக் காத்துக்கிட்டு நிக்குது" என்றாள். என் உடுப்புக்கு மேலே உன் வகுப்புக் குழந்தை ஒன்று முகம் வரைந்து மாட்டியிருந்ததே, "உன்னைப் பாக்காமலே உன்னை மாதிரியே வரைஞ்சிருக்கா" என்று நீ சந்தோஷப்பட்டாய். அந்தக் குழந்தை என் முகத்தை ஏன் மூடிய கண்ணோடு வரைந்தது என்று கேட்டாயா?

அத்தையின் கனவில் அவர் தினமும் வருகிறாராம், திறந்த முதுகைக் காட்டி நிற்கிறாராம். பத்தாம் மாதம் முதல் நாள் செத்தவர்களுக்குக் காகித உடுப்பு எரிக்க வேண்டும், அவள் காகிதமே வாங்கவில்லை. "காகிதம் எதுக்கு, அவர் துணியைக் கொண்டாரச் சொல்லு, அதையே எரிக்கறேன், அன்னிக்கு வரலேன்னா அப்புறம் எனக்கு வேண்டாம்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கும் கால் வீங்கி இருக்கிறது, முன்பு போல் கேலி பேசுவதில்லை, சாயங்காலம் நான் சேமியாக் கஞ்சி கொண்டுபோனால் கதவு திறப்பதில்லை. நீயோ எல்லாவற்றையும் கப்பலில் ஹாலந்துக்கு அனுப்பப் போகிறேன் என்கிறாய், ஒரு வருஷம் ஆகும் என்கிறாய். வேண்டாம் கண்ணே. பேர் பிறகும் வரும். அவர்கள் இருவருடையதையும் அந்த நாளுக்கு முன்னால் அனுப்பிவிடு.

என்னுடையதை அங்கேயே வைத்துக்கொள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பார்க்க வருகிறவர்களுக்கு நீ எதைக் காட்டுவாய். அது கடல் தாண்டிப் போய் வரட்டும், எனக்கு அவசரமில்லை. குளிர் வந்துவிட்டது, அந்தப் பழைய கிடங்கில் வகுப்பு நடத்தும்போது கழுத்தை மூடிக்கொள், பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீர் கொடு, நீயும் குடி. நல்ல பேரோடு நீண்ட நாள் இரு. பத்தாம் மாதம் முதல் நாளை மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
ரென் சூலியான்

அக்கா, அம்மா கஞ்சியோடு அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள், இதை நானாக எழுதுகிறேன். நேற்று என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, தன் பழைய சட்டையை எனக்குப் போட்டு, எந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும், நாடாவை எப்படி முடிய வேண்டும் என்று காட்டினாள். ஏன் என்று கேட்டேன், "சும்மாதான்" என்றாள். அம்மாவுடையதையும் எடுத்து வா. பார்சலில் போடாதே, நீயே கொண்டு வா. எனக்கு நாடா முடியத் தெரிந்துவிட்டது, ஆனால் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

மெய்ரான்