மூன்று படத்தில் ஒரு மன்னிப்பு

அம்மா,

மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு ஒரு தப்பை இந்த இருபது வருஷத்தில் நான் செய்ததே இல்லை. முழுப் பொறுப்போடுதான் எழுதுகிறேன்.

நீ தங்கச்சிக்குப் பாடம் நடத்தும்போது அறைக் கதவைத் தட்டக் கூடாது என்பது உன் சட்டம். அதனால்தான் இந்தச் சீட்டு. சாவி ஜன்னலில் இருக்கிறது. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், அடிப்பிடித்த பாகம் என்னுடையது. கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் தங்கச்சியைக் கூட்டிப் போக நாலு மணிக்குப் பாட்டு டீச்சர் வருவார்.

நேற்று நான் கேட்டது நியாயமான கேள்விதான்: "மேடையில ரெண்டு நிமிஷம் நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளா இவ? கத்தி ஊரையே கூட்டிடுவா." பதிலுக்கு உன் கையிலிருந்த பாத்திரம்தான் டமாலென்று பேசியது. அவளுக்குப் பேச்சுதான் வராது, காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்துவிட்டேன். காலையில் நட்சத்திரம் செருப்பு அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தப்பு செய்தால் அவள் மூன்று படம் வரைய வேண்டும்: என்ன செய்தேன், யாருக்கு வலித்தது, இனி என்ன செய்வேன். மன்னிப்பைப் பற்றி இயேசு சொன்னதை இப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். "கோர்ட்டுலகூட இவ்வளவு பேப்பர் கேக்க மாட்டாங்கம்மா" என்று சிரித்தேன்.

பி.கு.: பின்பக்கம் உனக்கில்லை, அவளுக்கு. டீச்சர் வருவதற்குள் காட்டிவிடு. முதல் படத்தில் அண்டா வாயோடு நிற்பது நான். மூன்றாவதில் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதும் நான்தான், நாலரைக்கே வந்துவிடுவேன். நடுப் படத்தில் இருக்கும் முகம் மட்டும் சரியாக வரவில்லை. அழித்து அழித்துக் காகிதமே கிழிந்துவிட்டது.