நான்கு வீட்டு மோட்டார் முறையும் அக்காவின் ஒரு வரியும்

என் செல்ல ரேவதி அக்கா,

இதனால் சகலருக்கும், முக்கியமாக உனக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டுக் கறுப்புக் கோழி உன் லேப்டாப் பைக்குள் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. லேப்டாப் பத்திரமாக என்னிடம் இருக்கிறது. பயப்படாதே. இல்லை, கொஞ்சம் பயப்படு.

நீ ஊரைவிட்டுப் போன பிறகு வந்த முதல் குறுவை இது. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. நான்கு வீட்டு நாற்றங்காலுக்கும் பொதுப் போர்வெல்தான் கதி. நீ பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம் இன்னமும் ஓடுகிறது. தினமும் காலையில், இன்று மோட்டார் யாருக்கு என்று எல்லார் போனுக்கும் செய்தி போகிறது.

அதைத் திறந்து பார்த்து அசந்துபோனேன். புரோகிராமில் மாறி என்றால் போட்ட மதிப்பை அப்படியே வைத்திருக்கும் டப்பா என்றுதான் நினைத்திருந்தேன். நீயோ 'முறை' என்ற மாறியை அறிவிக்கும் இடத்திலேயே ஒரு முக்காற்புள்ளி வைத்து, பக்கத்தில் 'சுற்று' என்று ஓர் ஆட்ரிபியூட், அதாவது குணக்குறிப்பும், நான்கு வீட்டுப் பெயர்களும் எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் பெர்ல் அந்த மாறியை உன் புரோகிராமோடு கட்டிவிடுகிறது. அந்தக் கட்டுக்கு 'டை' என்று பெயராம். மாப்பிள்ளையே டை கட்டாத ஊரில் மாறிக்குக் கட்டியிருக்கிறாய்! அப்புறம் அதை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் அடுத்த வீட்டுப் பெயர் தானாக வருகிறது. எப்படி அக்கா தோன்றியது உனக்கு?

போன வாரம் சின்னராசு மாமா வாசலில் வந்து நின்றார். "என்னடா மாப்ள, உங்க வீட்டுக்கு முறை வருது. எனக்கும் கோமதி வீட்டுக்கும் வரவே இல்ல. நாத்து காயுதுடா. உங்கக்கா உங்களுக்குத் தோதா எழுதி வச்சிட்டுப் போயிட்டாளா?"

அப்பா தலை குனிந்துகொண்டார். நான் முன்னால் போய் நின்றேன்.

"அக்காவைச் சொல்லாதீங்க மாமா. சாயங்காலத்துக்குள்ள சரி பண்றேன்."

ஒரே ஒரு வரியை அழித்தேன். மறுநாளே மாமா வயலில் மோட்டார் ஓடியது. "பரவால்லடா! அக்கா விட்டதைத் தம்பி புடிச்சிட்டான்" என்று டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி வடை வாங்கித் தந்தார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தின்றேன்.

அந்த வடைதான் இன்னும் இறங்கவில்லை. அழித்தது உன் வரி இல்லை, அக்கா. நான் சேர்த்த வரி. செய்தி போகுமுன் யார் பெயர் என்று எனக்கு மட்டும் முதலில் தெரியட்டுமே என்று அதைத் திரையில் காட்ட ஒரு பிரிண்ட் வரி போட்டிருந்தேன். நான் எட்டிப் பார்ப்பதும் ஒரு வாசிப்புதான், அதற்கே முறை நகர்ந்துவிடும் என்று யாருக்குத் தெரியும்? மாமா பெயர் என் திரையோடு நின்றுவிட்டது. செய்தி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. கோமதி அத்தைக்கும் அதே கதி.

நாளைக் காலை மோட்டார் யாருக்கு என்பதோடு, தப்பு யாருடையது என்பதும் நான்கு வீட்டுக்கும் போகும். அனுப்பப்போவது நான்தான். இது சத்தியம்.

உன் புரோகிராமில் மூக்கை நுழைத்த,
உன் ஒரே தம்பி