ஒன்பதாவது படிக்கல்

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வார இதழில் நீங்கள் கொடுத்திருந்த அறிவிப்பைப் பார்த்தேன். "படத்தில் இருப்பவர் என் கொள்ளுத்தாத்தா. கிணறு வெட்டுபவர். ஊற்றுக்காரர் என்பது பட்டப்பெயர். இவர் வம்சத்தில் வந்தவர்கள் எழுதவும்" என்று போட்டிருந்தீர்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்த திகைப்பில், எதிரே இருந்தவரின் மூக்கில் மாட்ட வேண்டிய கண்ணாடியை நெற்றியில் மாட்டிவிட்டேன்.

அதே படம் என்னிடமும் இருக்கிறது. போட்டோ எடுக்கிறார்கள் என்று தெரிந்தும் கடப்பாரையைக் கீழே வைக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவரேதான். மூன்று வருடத்துக்கு முன் தவறிப்போன என் அப்பாவின் தகரப்பெட்டியில் இருந்தது. பின்பக்கம் பென்சிலால் 'அப்பா' என்று எழுதியிருக்கிறது. அது என் அப்பாவின் கையெழுத்து இல்லை. அவருக்கு இரண்டு வயதாகும்போதே பெற்றவர்கள் இருவரும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டார்தான் எடுத்து வளர்த்தார்கள். தன் தகப்பனாரை நெட்டையர் என்று கூப்பிடுவார்கள் என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

"எனக்குச் சொந்தம்னு சொல்லிக்க யாரு இருக்கா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி

பிப்ரவரி 10

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். இனி ஐயா கொய்யா எல்லாம் வேண்டாம். அண்ணா என்றே எழுது. தங்கை என்று ஆன பிறகு நீங்க, வாங்க என்று நானும் இழுக்கப்போவதில்லை.

நான் நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி எட்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. நானும் என் அக்காவும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம். இப்போது பெரிய தாளில் நம் வம்சத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். போனில் பேசுவது காற்றோடு போய்விடும் என்பதால் எல்லாவற்றையும் எழுத்தில்தான் கேட்பேன். பழக்க தோஷம், பொறுத்துக்கொள்.

ஊற்றுக்காரருக்கு இரண்டு மகன்கள். ஒரு மகளும் உண்டு. மூத்த மகன் என் தாத்தா. இளையவர் பிழைப்புத் தேடி வெளியூர் போய்த் திரும்பாதவர். அவர்தான் உன் தாத்தா நெட்டையராக இருக்க வேண்டும். ஆக, உன் அப்பாவும் என் அப்பாவும் அண்ணன் தம்பி. நீ எனக்குத் தங்கை. விஷயம் முடிந்தது.

வரும் சனிக்கிழமை உன் கடைக்கு வருகிறேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம்.

அன்பு அண்ணன்

பிப்ரவரி 24

வரைபடக்காரருக்கு,

நலம். நீங்கள் இப்போது நலமாகப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். பத்து வருடப் பழைய கண்ணாடியோடு வம்சத்தைத் தேடக் கிளம்பிய ஆள் நீங்கள் ஒருவர்தான். கண் சோதனைக்கு உட்காரும் முன்பே சுவரில் இருந்த எழுத்து அட்டையின் கடைசி வரியை மனப்பாடம் செய்து ஒப்பித்தீர்கள். நான் அட்டையை மாற்றிய பிறகும் அதே வரியை ஒப்பித்தீர்கள். என் கடைப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு படமும் ஒன்றுதான் என்பது ஒரே நிமிடத்தில் முடிவாகிவிட்டது. அரை மணி நேரத்தில் போவதாக வந்தவர், மாலை கடை சாத்தும்வரை பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்லிவிடுவது நல்லது.

இனி சண்டைக்கு வருகிறேன். 'ஒரு மகளும் உண்டு' என்று அந்த மகளை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். படத்தின் பின்னால் 'அப்பா' என்று எழுதியது அவளாக ஏன் இருக்கக் கூடாது? அவள்தான் என் அப்பாவைப் பெற்றவள் என்றால், நெட்டையர் ஊற்றுக்காரருக்கு மருமகன். அப்போது உங்கள் அப்பாவும் என் அப்பாவும் மச்சான்கள். நான் தங்கை இல்லை. வேறு என்ன முறை என்று உங்கள் அக்காவைக் கேளுங்கள்.

ஆதாரம் கிடைக்கும்வரை தங்கை என்ற பட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும். ஐம்பத்திரண்டு வயதுவரை கல்யாணமும் இல்லாமல், அண்ணனும் இல்லாமல் சமாளித்துவிட்டேன், இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

கடைக்காரி

மார்ச் 9

கண்ணாடிக் கடை உரிமையாளருக்கு,

வணக்கம். கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு காலைப்பொழுது முழுவதும் வீணாகப் போயிற்று. நீ, வா என்று எழுதியதற்கு வருந்துகிறேன். உங்கள் வாதம் சரியானது. நிரூபணமாகாத எல்லையைப் புள்ளிக்கோட்டில் போடுவதுதான் எங்கள் அலுவலக முறை. உங்களை மட்டும் எப்படிக் கெட்டிக் கோட்டில் இழுத்தேனோ தெரியவில்லை. ரப்பரால் அழித்துவிட்டேன்.

அக்காவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவேயில்லை. "மாமன் மகடா, மரமண்டை. கட்டிக்கிற முறை. அந்தப் பொண்ணு எதுக்குத் தங்கச்சி வேணாங்குதுன்னு இன்னுமா புரியல?" என்றாள். அப்படியெல்லாம் இருக்காது, அவர் ஆராய்ச்சி நோக்கில் கேட்கிறார் என்று பதில் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு நாள் கழித்து, பல் துலக்கும்போது எனக்கும் புரிந்தது.

புதுக் கண்ணாடி நன்றாக இருக்கிறது. எல்லாம் தெளிவாகத் தெரிவது சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது.

ஊற்றுக்காரரின் ஊருக்கே போய் விசாரிக்கப்போகிறேன்.

வரைபடக்காரன்

மார்ச் 28

அன்புள்ள உங்களுக்கு,

ஊருக்குப் போய்வந்தேன். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மூன்று மைல் நடை. ஊற்றுக்காரர் வெட்டிய கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அங்கே மோட்டார் பழுது பார்க்கும் மெக்கானிக்கைப் பிடித்தேன். எழுபது வயது, வாய் ஓயாத மனிதர்.

"நெட்டையரா? பேரு படிக்கல்லுலயே இருக்குதே" என்றார். "மேலேருந்து ஒம்பதாவது படி. கெணத்த ஆழப்படுத்தினது அவருதான். ஊத்துக்காரருக்கு என்ன ஒறவுன்னும் வெட்டியிருக்கும். வறட்சியில தண்ணி எறங்கினப்ப பாத்தேன்."

"என்ன உறவுன்னு இருந்துச்சு?"

"மகன்னு இருந்துச்சோ, மருமகன்னு இருந்துச்சோ. எவன் கண்டான். இருபது வருசமாச்சு."

படி ஏழு வரைதான் வெளியே தெரிகிறது. நாலு மணி நேரம் மோட்டார் ஓட்டினால் ஒன்பதாவது படி வந்துவிடும், தண்ணீரை வயலுக்குத் திருப்பிவிடலாம் என்றார். பொத்தானில் கையும் வைத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பயம்தான். அந்தக் கல்லில் மகன் என்று இருந்தால் நீங்கள் எனக்குத் தங்கை. பிப்ரவரியில் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது இல்லை. உங்களுக்குப் போட்ட அந்த ஒன்றைத் தவிர, சான்று இல்லாமல் வாழ்நாளில் ஒரு கோடு போட்டதில்லை. சான்று நாலு மணி நேரத் தூரத்தில் இருந்தும் ஓடிவந்தது இதுதான் முதல் தடவை.

உங்கள் அப்பாவுக்கு ஒரு சொந்தம் கிடைக்க வேண்டும் என்றுதான் நீங்கள் எழுதினீர்கள். அந்த விதத்தில் நான் செய்தது தப்பு. அக்கா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீங்களும் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

வரைபடக்காரன்

ஏப்ரல் 14

பயந்தாங்கொள்ளிக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபமாக, இரண்டாவது தடவை வேறு மாதிரி. மறுவாரமே கடையைக் கடைப் பெண்ணிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். போகிறேன் என்று முன்னால் சொன்னால் தடுப்பீர்கள் என்று தெரியும்.

மெக்கானிக் என்னைப் பார்த்ததும், "போன மாசம் ஒருத்தர் வந்து பாதியில ஓடிப்போனாரு, நீங்களாவது இருப்பீங்களா?" என்று கேட்டார். இருப்பேன் என்றேன். காலையில் மோட்டாரைப் போட்டார். நாலு மணி நேரமும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து உங்கள் வண்டவாளத்தை எல்லாம் அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்து மனப்பாடமாக ஒப்பித்த கதைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நானே இறங்கினேன். பாசியைத் தேய்த்துத் தேய்த்துக் கைத்தோல் உரிந்துவிட்டது.

'ஊற்றுக்காரர் மருமகன் நெட்டையர் ஆழம் செய்தது' என்று இருக்கிறது. எழுத்தில்தான் கேட்பீர்கள் என்பதால் கல்லின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. நன்றாகப் பாருங்கள், 'மரு' தெளிவாக விழுந்திருக்கிறது.

எட்டாவது படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். "அப்பா, உங்களைப் பெத்தவ இந்த ஊர்ப் பொண்ணு. உங்க தாத்தா வெட்டின கிணத்துத் தண்ணியைத்தான் இந்த ஊரே குடிக்குது" என்று சத்தமாகவே சொன்னேன். மேலிருந்து மெக்கானிக், "என்னம்மா, தேள் கடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அக்காவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். பேச வேண்டியதை அவர்கள் பேசட்டும், உங்களை நம்பினால் புள்ளிக்கோட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கல்லில் மகன் என்று இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தோன்றும். மறைப்பானேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருப்பேன். தண்ணீர் ஏறி அந்தப் படியை மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எழுத்து தேய்ந்துவிட்டது, ஒன்றும் படிக்க முடியவில்லை என்று உங்களுக்கு எழுதியிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்