நான்காவது சோடி வைப்பர்

வால்தம்ஸ்டோ, லண்டன்
27 ஒக்டோபர் 2024

அன்பின் தங்கச்சி மெலனிக்கு,

நானும் உன் மச்சாள் டொலறசும் சுகம். நீயும் கொட்வினும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் டொலறஸ் "ஸ்பீக்கரில போடுங்கோ" என்பாள். போட்ட பிறகு அவள்தான் கதைப்பாள். அதனால் இந்த மின்னஞ்சல்.

விசயம் சின்னது. காரின் வைப்பர் பற்றியது. சிரிக்காதே. நோர்வேயில் பனிக்குள் பஸ் ஓட்டுகிறவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? மழை தொடங்கிய நாளிலிருந்து முன்கண்ணாடி துடைபடுவதே இல்லை. வைப்பர் போய் வருகிறது, ஆனால் பால் தடவியது போல ஒரு மங்கல் அப்படியே நிற்கிறது. எதிரே வருகிற காரின் லைற் விரிந்து பரந்து, றோட்டின் வெள்ளைக் கோட்டை விழுங்கிவிடுகிறது. புதுச் சோடி வாங்கிப் பூட்டினேன். அதுவும் அப்படித்தான். திருப்பிக் கொண்டு போனேன். கடைக்காரர் வெளியே வந்து, தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே துடைக்கிறது என்றார். பட்டப்பகலில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், பின்னேரம் என்னோடு வந்து பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கடையில் சுவர் முழுக்க வைப்பர் தொங்குகிறது. சட்டம் வைத்தது, சட்டம் இல்லாதது, றப்பர் உறை போட்டது, சிலிக்கோன் பூசியது. எல்லாப் பெட்டியிலும் தன்னுடையதுதான் திறம் என்று எழுதியிருக்கிறது. குளிர்காலத்துக்கு எது சரி? நீ சொல்.

குளிர்காலத்துக்காக இன்று ஊர் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியாயிற்று. நாளையிலிருந்து டொலறசின் ஷிப்ட் முடிகிற நேரம் இருட்டிவிடும். சிங்ஃபோர்ட்டில் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போய் ஏற்றி வர வேண்டும். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு எமில்டா அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் நான்தான் கொண்டு போகிறேன். தபால் வான் ஓட்டுகிற வேலையை விட்டு ஓய்வு எடுத்த பிறகு எனக்கு மிஞ்சியிருக்கிற வேலை இதுதான். அதையும் ஒரு றப்பர் துண்டு கெடுக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும் அண்ணன்,
அருள்நேசன்


துரொம்சோ, நோர்வே
30 ஒக்டோபர் 2024

அன்பின் அண்ணைக்கு,

வைப்பரைப் பற்றி இத்தனை வரி எழுதிய நீங்கள் என் முழங்காலைப் பற்றி ஒரு வரி கேட்டிருக்கலாம். பரவாயில்லை. நோவு குறைந்திருக்கிறது, படி ஏறலாம். இங்கே நேற்றே எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

முதலில் கண்ணாடியைக் கழுவுங்கள். கார் கழுவுகிற இடங்களில் பளபளப்புக்கு ஒரு மெழுகு அடிப்பார்கள். அது படிந்திருந்தால் எந்த வைப்பரும் துடைக்காது, பூசித்தான் விடும். தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து வெளிப்பக்கம் துடையுங்கள். உள்பக்கமும் துடையுங்கள், மூச்சுப் படிந்து அங்கேயும் மங்கும். பிறகு வைப்பர் வாங்கப் போங்கள்.

சட்டம் வைத்தது வேண்டாம். அதன் மூட்டுகளுக்குள் ஐஸ் இறுகினால் வளையாது, நடுவில் துடைத்துவிட்டு இரண்டு ஓரத்தையும் விட்டுவிடும். சட்டம் இல்லாத, ஒரே துண்டாக வளைந்த தட்டையானதை வாங்குங்கள். சாரதிப் பக்கத்துக்கு நீளமானது, மற்றப் பக்கத்துக்குக் கட்டை. பழையதை அளந்துகொண்டு போங்கள், கொக்கியும் பொருந்த வேண்டும். காலையில் கண்ணாடியோடு உறைந்து ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள். சுடுதண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடித்துவிடும். கழுவுகிற தண்ணீரும் உறையாத வகையாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தால் லண்டன் மழைக்குத் தாராளம். மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
மெலனி


வால்தம்ஸ்டோ
17 நவம்பர் 2024

அன்பின் மெலனி,

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். வினாகிரி போட்டுக் கழுவினேன். கார் முழுக்க அச்சாறு மணக்குது என்று டொலறஸ் மூக்கைப் பொத்தினாள். அளந்தேன். தட்டையானதை வாங்கிப் பூட்டினேன். இது இரண்டாவது சோடி.

ஒரு மாற்றமும் இல்லை! எனக்கு வருகிற எரிச்சலைச் சொல்லி மாளாது. இந்தக் காலத்துப் புதுக் கார்களின் வெள்ளை லைற்றும் ஒரு காரணம், நேரே முகத்தில் அடிக்கிறார்கள். கவுன்சிலும் தெரு லைற்றைக் குறைத்துவிட்டது போலிருக்கிறது. முந்தின மாதிரி வெளிச்சம் இல்லை. போன கிழமை எங்கள் வாசலில் காரை நிறுத்தும்போது பக்கத்து வீட்டு வாமதேவனின் காரின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டேன். அவர் காரை அவ்வளவு வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார். "அண்ணை, தினமும் இந்த இடத்திலதானே விடுறனான்" என்று அவர் முறைப்பாடு.

டொலறஸ் இப்போது வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறாள். நான் கேட்டதற்கு, பஸ்ஸில் வந்தால் கொஞ்சம் நடக்கலாம் என்கிறாள். மழைக்குள் என்ன நடை? கார் வாசலில் நிற்க, பெண்சாதி நனைந்துகொண்டு வருகிறாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

றப்பர் உறை போட்ட, பனிக்கென்றே செய்த வைப்பர் இருக்கிறதாம். அதை இணையத்தில் எடுக்கலாமா என்று சொல். இந்தத் திரையில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் அளவுக் குறிப்பு வாசிக்க முடியவில்லை, அவ்வளவு பொடியாகப் போட்டிருக்கிறான்கள். முழங்கால் எப்படி?

அன்புடன்,
அண்ணன்


துரொம்சோ
19 நவம்பர் 2024

அன்பின் அண்ணைக்கு,

நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். கோபிக்காமல் பதில் சொல்லுங்கள்.

மழை இல்லாத நாளிலும் அந்த மங்கல் இருக்கிறதா? பக்கத்து இருக்கையில் இருக்கிற மச்சாளுக்கும் கண்ணாடி மங்கலாகத் தெரிகிறதா? நீங்கள் கடைசியாக வைத்தியரிடம் கண் காட்டியது எப்போது?

வைப்பரில் பிழை என்றால் இரண்டு சோடியிலும் ஒரே பிழை வராது. பஸ் ஓட்டுகிற எங்களுக்குக் கண் பரிசோதனை கட்டாயம். அதில் ஒரு வெட்கமும் இல்லை. நீங்களும் ஒருதரம் போய் வாருங்கள். றப்பர் உறை போட்டதை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

அன்புடன்,
மெலனி


வால்தம்ஸ்டோ
24 நவம்பர் 2024

மெலனிக்கு,

நான் கேட்டது வைப்பரைப் பற்றி. நீ என் கண்ணைப் பற்றி எழுதுகிறாய். டொலறஸ் சொல்லித்தந்தாளா? அவளும் இதே பாட்டுத்தான்.

தபால் வானில் இந்த லண்டனின் ஒவ்வொரு தெருவிலும் ஒழுங்கையிலும் ஓடியவன் நான். ஒரு விபத்து இல்லை. உனக்கு ஸ்டியரிங் பிடிக்கப் பழக்கியவனும் நான்தான். எனக்குக் கண் தெரியவில்லை என்று நீ கடல் தாண்டி இருந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டாய்!

றப்பர் உறை போட்டதை எடுத்துப் பூட்டிவிட்டேன். அதுவும் சரியில்லை. சிலிக்கோன் பூசியதும் வருகிறது, நான்காவது சோடி. சரியான சாமான் கிடைக்கும்வரை தேடுவேன். எமில்டா அக்கா ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பா. அவவிடம் போய், அக்கா, இனி அருள் வரமாட்டான் என்று நீ சொல்வாயா? கார் இல்லாவிட்டால் இந்த ஊரில் என்னை யார் தேடப் போகிறார்கள்?

இந்தப் பேச்சை இத்தோடு விடு.

அருள்நேசன்


துரொம்சோ
9 டிசம்பர் 2024

அன்பின் அண்ணைக்கு,

நேற்று மச்சாள் போன் எடுத்தா. நீங்கள் குளிக்கிற நேரம் பார்த்து, குசினிக்குள் நின்று மெல்லக் கதைத்தா. பூசைக்குப் போகும்போது நடந்ததைச் சொன்னா. பாதசாரிக் கடவையில் ஒரு தாய் குழந்தை வண்டியோடு பாதி றோட்டுக்கு வந்துவிட்டாவாம். பின்னால் இருந்த எமில்டா அக்கா "பிறேக்கைப் பிடி அருள்!" என்று கத்திய பிறகுதான் நீங்கள் பிடித்தீர்களாம். "வண்டிக்கும் எங்கட காருக்கும் நடுவில ஒரு ஆள் நிக்கக்கூட இடமில்லை, மெலனி. அவருக்கு அது தெரியவே இல்லை. நான் இனி அந்தக் காரில ஏறமாட்டன்" என்று அழுதா. அவ பஸ்ஸில் வருவதற்குக் காரணம் நடை இல்லை, அண்ணை.

தயவுசெய்து இன்றோடு கார் ஓட்டுவதை நிறுத்துங்கள். கண் வைத்தியரிடம் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களிடமிருந்து ஒரு வரி வராவிட்டால், உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று லைசன்ஸ் கந்தோருக்கு நானே எழுதுவேன். யாரும் எழுதலாம் என்று விசாரித்துவிட்டேன். இதை வெருட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்திருந்தால் நீங்கள் அதன் பிறகு இருக்கமாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

மெலனி


துரொம்சோ
16 டிசம்பர் 2024

அண்ணைக்கு,

நேற்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன். என் பெயரைப் போட்டுத்தான் எழுதினேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் அறியக்கூடாது.

மெலனி


வால்தம்ஸ்டோ
29 டிசம்பர் 2024

மெலனிக்கு,

நத்தார் முடியட்டும் என்று பொறுத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

பதினைந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, எமில்டா அக்காவின் மகன் யனுஷன் வந்தான். அவன் தெற்கு லண்டனில், சட்டனில் குடும்பத்தோடு இருப்பவன், பூசைக்கு வருகிற ஆள் இல்லை. "அங்கிள், இண்டைக்கு நான் ஓடுறன், நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ" என்று கார்த் திறப்பைக் கேட்டான். பெண்கள் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று விளங்கியது. கொடுத்தேன். நான் பக்கத்தில் இருந்தேன். நல்ல மழை. நான்காவது சோடி வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி எனக்கு அதே மங்கல். "பார் தம்பி, எப்பிடித் துடைக்குது எண்டு" என்றேன். அவன், "ஏன் அங்கிள்? நல்ல கிளியரா இருக்கே. இதை எங்க வாங்கினீங்கள்? எனக்கும் ஒரு சோடி வேணும்" என்றான்.

பூசை முழுக்க அந்தக் கண்ணாடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோயில் வாசலில் டொலறஸ் என் கையைப் பிடித்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை கண் பரிசோதிக்கிற இடத்துக்குப் போனோம். இரண்டு கண்ணிலும் வெண்புரை. வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது. கண்ணைப் பரிசோதித்த பிள்ளை ஓட்டலாம் என்றும் சொல்லவில்லை, ஓட்டவேண்டாம் என்று அதட்டவும் இல்லை. "இங்கே எப்படி வந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டது. நடந்து வந்தோம் என்றேன். அன்று பின்னேரமே லைசன்சைக் கடித உறைக்குள் வைத்து நானே தபால் பெட்டியில் போட்டேன். எத்தனை ஆயிரம் பேரின் கடிதத்தைச் சுமந்தவன், அந்த ஒன்றைப் போடக் கை வரவில்லை. போட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் மின்னஞ்சல். காலையிலேயே எழுதிவிட்டேன் என்று. ஒரு நாள் பொறுத்திருக்கக்கூடாதா, மெலனி? நானாகக் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு ஒன்று இருந்தது. இப்போது லைசன்ஸ் கந்தோரில் என் பெயருக்குக் கீழே தங்கச்சி அறிவித்தாள் என்று கிடக்கும். என்னைப் பார்த்து முதலில் பயந்தவள் டொலறஸ், அவள்கூட எழுதவில்லை. நீ எழுதினாய்.

இனி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அருள்நேசன்


துரொம்சோ
2 மார்ச் 2025

அன்பின் அண்ணைக்கு,

இரண்டு மாதமாக என் அழைப்பை நீங்கள் எடுக்கவில்லை. மச்சாளிடம்தான் செய்தி கேட்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதம் எழுதி அழித்தேன். அது பொய்யாக இருந்தது. அந்தத் திங்கட்கிழமை திரும்ப வந்தால் திரும்பவும் எழுதுவேன். நான் ஒரு நாள் பொறுத்திருக்கலாம் என்கிறீர்கள். நீங்களும் ஒரு வரி எழுதியிருக்கலாம், அண்ணை. "யோசிக்கிறேன்" என்ற ஒரு சொல் போதும். நான் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த நேரம் யார் எடுத்து என்ன சொல்லப் போகிறார்களோ என்று இருந்தேன். உங்களுக்கு நோகும் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

பதினெட்டாம் திகதி வலது கண்ணுக்கு ஒப்பரேசன் என்று மச்சாள் சொன்னா. முடிந்ததும் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் நிற்க வேண்டுமாம். அவவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டேன். பதினாறாம் திகதி பின்னேரம் ஹீத்ரோவில் இறங்குவேன். உங்கள் வீட்டில் நிற்க வேண்டாம் என்றால் எமில்டா அக்கா வீட்டில் நிற்கிறேன், கேட்டுவிட்டேன். ஆனால் ஆஸ்பத்திரிக்கு உங்களோடு நான்தான் வருவேன். என்னோடு கதைக்காமலே வரலாம்.

உங்கள் தங்கச்சி,
மெலனி


வால்தம்ஸ்டோ
6 மார்ச் 2025

மெலனிக்கு,

எமில்டா அக்கா வீட்டில் மேல் அறை குளிர். இங்கே வா. டொலறஸ் கட்டிலுக்குப் புதுச் சீலை விரித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்.

நீ எத்தனை தரம் லண்டன் வந்திருப்பாய். ஒவ்வொரு தரமும் நான்தான் விமானம் இறங்க முதலே போய் நின்று உன் பெட்டியை வாங்கினேன். இந்தத் தரம் ஹீத்ரோவுக்கு வர என்னால் ஏலாது. டாக்ஸி பிடிக்காதே, சுற்றிக்கொண்டு வருவான். பிக்கடில்லி லைனில் ஏறி ஃபின்ஸ்பரி பார்க்கில் இறங்கு. எதிர்ப் பக்கத்திலேயே விக்ரோறியா லைன் வரும், படி ஏறத் தேவையில்லை. உன் முழங்காலுக்கு நல்லது. கடைசி நிறுத்தம்தான் எங்களுடையது.

நான் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். பின்னேரச் சனத்துக்குள் தூரத்தில் வருகிற உன்னை எனக்கு அடையாளம் தெரியாது. நீ வந்து கூப்பிடு.

அண்ணன்